ஐஸ் தளத்தில் முதற் பாடம்: கனடாவில் பிள்ளையை ஸ்கேற்றிங் கழகத்தில் சேர்த்தல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து கனடாவிலுள்ள உறவினரிடம் குடிபெயரும் குடும்பங்களுக்கு வீடு, பாடசாலை, சுகாதார அட்டை என்பவைதான் முதற் கவலை. ஒரு விளையாட்டுக்கு இந்தக் கைந்நூலில் ஏன் தனிப்பகுதி என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

போய்ச் சேர்ந்த முதற் குளிர்காலத்தில் உங்கள் பிள்ளை பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரக்கூடும். வகுப்பு முழுவதும் ஒரு நாள் ஐஸ் தளத்துக்குப் போகிறது, பெற்றோரின் கையொப்பம் வேண்டும், ஸ்கேற் சப்பாத்தும் ஹெல்மெற்றும் கொடுத்தனுப்புங்கள் என்று அதில் இருக்கும். ஒன்ராறியோவில் பல பாடசாலைகள் இவ்வாறு பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. மற்றப் பிள்ளைகள் மூன்று, நான்கு வயதில் ஐஸில் கால் வைத்தவர்கள். உங்கள் பிள்ளை ஒன்பது வயதிலோ பதினொரு வயதிலோ முதல் தடவையாக அதைப் பார்க்கப் போகிறது. "பயமாக இருக்கிறது, போகவேண்டாம்" என்று பெற்றோர் கையொப்பமிடாமல் விட்டால், அன்றைக்குப் பிள்ளை வேறொரு வகுப்பில் தனியே இருக்கும். ஆங்கிலம் முழுதாக வராத காலத்தில் பேச்சில்லாமலே மற்றப் பிள்ளைகளோடு சேரக்கூடிய இடம் விளையாட்டு ஒன்றுதான். அதிலும் தனியே விடப்படுவது சிறிய விடயமல்ல.

ஆகவே, வசதிப்படுமானால் முதற் குளிர்காலத்திலேயே பிள்ளையை ஆரம்ப வகுப்பொன்றில் சேர்த்துவிடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. சாம்பியன் ஆக்குவதற்காக அல்ல. விழாமல் நிற்கவும், விழுந்தால் எழும்பவும் பழகினால் போதும்.

கழகம் என்றால் என்ன

நம் ஊர் விளையாட்டுக் கழகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் இருப்பார்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது, மைதானத்துக்கும் பந்துக்கும் காசு சேர்த்துத்தான் எல்லாம் நடக்கும். கனடாவின் ஊர் ஸ்கேற்றிங் கழகங்களும் பெரும்பாலும் இப்படித்தான். பிள்ளைகளின் பெற்றோரே நிர்வாகக் குழுவில் இருந்து சம்பளமின்றி வேலை செய்கிறார்கள். மைதானம் மட்டும் வேறு. ஐஸ் தளம் நகரசபைக்குச் சொந்தமானது. கழகம் அதை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது. நீங்கள் கட்டும் பணத்தின் பெரும்பகுதி அந்த வாடகைக்கும் பயிற்றுநர்களுக்குமே போகிறது.

இந்தக் கழகங்கள் ஸ்கேற் கனடா என்ற தேசிய அமைப்பின் கீழ் இயங்குகின்றன. அது 1914ஆம் ஆண்டில் தொடங்கியது. ஐஸில் சுழன்றும் துள்ளியும் ஆடும் ஃபிகர் ஸ்கேற்றிங்குக்கான அமைப்பு அது. ஆனால் அதன் ஆரம்ப வகுப்பு எல்லாருக்கும் பொதுவானது. அந்த வகுப்பின் பெயர் கான்ஸ்கேற். பின்னர் ஹொக்கி விளையாடப்போகும் பிள்ளையும், ஃபிகர் ஸ்கேற்றிங் செய்யப்போகும் பிள்ளையும், சும்மா குடும்பத்தோடு சறுக்கி மகிழப்போகும் பிள்ளையும் ஒரே வகுப்பில் நிற்பார்கள்.

"இது பெண்பிள்ளைகளின் ஆட்டம்" என்று நம்மவர் சிலர் ஆண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள். "மெல்லிய சட்டை போடவேண்டுமே" என்று வேறு சிலர் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள். இரண்டுக்கும் இடமில்லை. ஆரம்ப வகுப்பில் எல்லாரும் தடித்த காற்சட்டையும் ஜக்கெற்றும் கையுறையும் அணிந்து, ஹெல்மெற்றுடன்தான் நிற்பார்கள். தொலைக்காட்சியில் காணும் உடை போட்டிக்குப் போகிறவர்களுடையது. ஹொங்கொங்கிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான பற்றிக் சான் ஐந்து வயதில் இவ்வாறு தொடங்கியவர்தான். 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகச் சாம்பியனாக வந்தார்.

கழகமா, நகரசபை வகுப்பா

இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் காசை இழக்கிறார்கள். ஒரே ஐஸ் தளத்தில் இரண்டு விதமான வகுப்புகள் நடக்கலாம். ஒன்றைக் கழகம் நடத்தும். மற்றதை நகரசபை தானே நடத்தும். கழக வகுப்பில் படிமுறை ஒழுங்கு கூடுதலாக இருக்கும், பிள்ளை விரும்பினால் மேலே போகவும் வழி உண்டு. நகரசபை வகுப்பு பொதுவாக மலிவு.

ரொறன்ரோ நகரில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வெல்கம் பொலிசி என்ற சலுகை இருக்கிறது. விண்ணப்பித்து அங்கீகாரம் பெற்றால், நகரசபை நடத்தும் பொழுதுபோக்கு வகுப்புகளுக்கான கட்டணத்தைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வரவுத்தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழக வகுப்புகளுக்கு அது செல்லாது. வகுப்புத் தொடங்குவதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். ஸ்காபரோவில் இருப்போர் இதைப் பயன்படுத்தலாம். மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் ஆகியவை வேறு நகரசபைகள். அங்கே வேறு விதிகள். உங்கள் நகரசபையைக் கேளுங்கள்.

கழக வகுப்புக்கும் உதவி உண்டு. ஜம்ப்ஸ்ரார்ட் என்ற அறக்கட்டளை 4 முதல் 18 வயது வரையான பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவுகிறது. பணம் உங்கள் கைக்கு வராது, கழகத்துக்கே நேரடியாகப் போகும். கிட்ஸ்போர்ட் என்பதும் இவ்வாறான ஒன்றே. இவற்றுக்கு விண்ணப்பிப்பது பிச்சை எடுப்பதல்ல. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் வன்னியில் இருந்து போகும் பெற்றோரில் பலர் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தை மறக்கவில்லை. இனிமேல் எந்த வரிசையிலும் நிற்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அது விளங்குகிறது. ஆனால் இந்த நிதி பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கனடாவில் பிறந்த பெற்றோரும் இதே படிவத்தை நிரப்புகிறார்கள். கழகச் செயலாளரிடம் "கட்டணத்துக்கு உதவி இருக்கிறதா, தவணையாகக் கட்டலாமா" என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

பதிவு பெரும்பாலும் இணையத்தில் நடக்கும். இலையுதிர்காலத் தொடர் செப்ரெம்பர் அல்லது ஒக்ரோபரில் தொடங்கும். பல கழகங்களில் கோடையிலேயே பதிவு ஆரம்பமாகி இடம் நிரம்பிவிடும். அதைத் தவறவிட்டால் ஜனவரியில் தொடங்கும் தொடரைப் பாருங்கள். வகுப்புக் கட்டணத்தோடு ஸ்கேற் கனடாவின் அங்கத்துவப் பணமும் சேர்த்து அறவிடப்படும். அங்கத்துவ ஆண்டு செப்ரெம்பர் 1இலிருந்து ஓகஸ்ட் 31 வரை. ஆகவே ஜனவரியில் முதன்முறையாகச் சேர்ந்தவர் செப்ரெம்பரில் மறுபடியும் அதைக் கட்டவேண்டிவரும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இடையில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கட்டுமுன் கேட்டறியுங்கள்.

படிவத்தில் பிள்ளையின் உடல்நிலை பற்றிய கேள்விகள் இருக்கும். மறைக்கவேண்டாம். உடலில் செல் துண்டு இருந்தாலோ, கை கால் எலும்பு முன்பு முறிந்திருந்தாலோ, காது மந்தமாக இருந்தாலோ எழுதுங்கள். அதை வைத்து யாரும் பிள்ளையை விலக்குவதற்காகக் கேட்பதில்லை. எந்தப் பக்கம் விழப் பழக்கவேண்டும், எந்தப் பக்கத்தில் நின்று பேசவேண்டும் என்று பயிற்றுநர் அறிவதற்கே.

என்ன வாங்குவது

ஹெல்மெற்றில் மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம். சைக்கிள் ஹெல்மெற்றை ஏற்கமாட்டார்கள். சீ.எஸ்.ஏ. என்ற முத்திரை உள்ள ஹொக்கி ஹெல்மெற்தான் வேண்டும். ஸ்கேற் கனடாவின் விதிப்படி ஐந்தாம் கட்டத்தை முடிக்கும்வரை ஐஸில் அதைக் கழற்றக்கூடாது. பழையது வாங்கினால் வெடிப்பு இல்லாததாகவும் முத்திரை உள்ளதாகவும் பாருங்கள்.

ஸ்கேற் சப்பாத்தைப் பழையதாகவே வாங்கலாம். பிள்ளை வளரும், ஒரு குளிர்காலத்துக்கு மேல் கால் அதற்குள் போகாது. பல கழகங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் பழைய சப்பாத்து மாற்றும் நாள் ஒன்றை நடத்துகின்றன. ஃபிகர் சப்பாத்தின் தகட்டு முனையில் சிறு பற்கள் இருக்கும், ஹொக்கிச் சப்பாத்தில் இருக்காது. ஆரம்பத்துக்கு இரண்டில் எதுவும் சரி. முழுவதும் பிளாஸ்ரிக்கால் ஆனதையும், ஒரு சப்பாத்தின் கீழ் இரண்டு தகடு உள்ளதையும் வாங்கவேண்டாம். அவை கணுக்காலைத் தாங்கா.

அளவுதான் முக்கியம். "அடுத்த வருடமும் போடட்டும்" என்று பெரிதாக வாங்குவது நம் வழக்கம். பாடசாலைச் சப்பாத்துக்கு அது சரிவரும், இதற்குச் சரிவராது. சப்பாத்துக்குள் கால் ஆடினால் கணுக்கால் உள்ளே மடியும். பிள்ளை தன்னால் முடியாது என்று நினைத்து அழும். உண்மையில் பிழை சப்பாத்தில் இருக்கும். ஸ்கேற் சப்பாத்து வழமையான சப்பாத்தை விட ஒரு அளவோ ஒன்றரை அளவோ சிறிதாகவே பொதுவாகப் பொருந்தும். தடித்த கம்பளிச் சொக்ஸ் இரண்டு போட்டு நிரப்புவதும் கூடாது. மெல்லிய ஒன்று போதும். கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

புதுச் சப்பாத்தின் தகடு தீட்டப்படாமல்தான் வரும். கடையிலேயே தீட்டுவித்துக்கொள்ளுங்கள். தீட்டாத தகட்டில் நிற்பது எண்ணெய் பூசிய பலகையில் நிற்பது போல. வகுப்பு முடிந்ததும் தகட்டைத் துணியால் துடைத்து உலரவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

கையுறை கட்டாயம் வேண்டும். கழுத்தில் நீண்ட துணி, தொங்கும் தோடு, காப்பு எதுவும் வேண்டாம். தலைமுடியைப் பின்னிக் கட்டுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: அரீனாவுக்குள்ளும் குளிர்தான். வெளியில் வெயில் என்று மெல்லிய சட்டையோடு போனால், வகுப்பு முடியுமுன் உங்கள் கைகால் விறைத்துவிடும்.

முதல் நாள்

கான்ஸ்கேற்றில் ஆறு கட்டங்கள் உள்ளன. சமநிலை, கட்டுப்பாடு, விரைவு என மூன்று பகுதிகளாகப் பழக்குவார்கள். ஒவ்வொரு பகுதியை முடிக்கும்போதும் ஒரு நாடா, மூன்றையும் முடித்தால் அந்தக் கட்டத்துக்கான சின்னம் கிடைக்கும். பிள்ளைகளை வயதால் அல்ல, பழக்கத்தால் பிரிப்பார்கள். இங்கேதான் வன்னிப் பிள்ளைக்கு ஒரு சங்கடம் வரும். பதினொரு வயதுப் பிள்ளை ஐந்து வயதுக் குழந்தைகளோடு நிற்கவேண்டி வரலாம். விழுந்த நோவை விட அந்த வெட்கமே பெரிதாக இருக்கும். சேரும்போதே "வயது கூடிய ஆரம்பப் பிள்ளைகளுக்கு வேறு நேரம் இருக்கிறதா" என்று கேளுங்கள். சில கழகங்களில் இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போய் நின்ற பிறகு தெரியவருவது நல்லதல்ல.

முதலில் பழக்குவது விழுவதைத்தான். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சைக்கிள் பழக்கும்போது நாம் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம், விழவிடக்கூடாது என்று. இங்கே அப்படியல்ல. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் இடுப்பில் விழவேண்டும். பின்னால் கை ஊன்றக்கூடாது, மணிக்கட்டு முறியும். நாடியை நெஞ்சோடு சேர்த்து, விரல்களை மடக்கிக்கொள்ளவேண்டும். எழும்ப, முதலில் நாலு காலில் வந்து, ஒரு பாதத்தை ஊன்றி, அந்த முழங்காலில் இரு கையையும் வைத்து எழும்பவேண்டும். வீட்டில் விரிப்பின் மேல் சப்பாத்து இல்லாமலே இதைப் பழக்கலாம். வன்னியில் இருக்கும்போதே, குசினித் தரையில்கூடப் பழக்கலாம். பத்துத் தரம் செய்த பிள்ளைக்கு முதல் நாள் பயம் பாதியாகக் குறையும்.

சத்தம் பற்றியும் சொல்லவேண்டும். அரீனாவில் நேரம் முடிந்ததும் பெரிய ஹோர்ன் அடிக்கலாம். பக்கத்துத் தளத்தில் ஹொக்கி நடந்தால், ரப்பர் வட்டு பலகைச் சுவரில் மோதும் சத்தம் வெடிச்சத்தம் போலவே கேட்கும். வகுப்புகளுக்கு இடையில் ஸம்போனி என்ற பெரிய வாகனம் இரைச்சலோடு வந்து ஐஸைச் சமப்படுத்தும். 2009ஐக் கண்ட பெற்றோர் சிலர் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுக் குனிகிறார்கள். பெற்றோரின் முகத்தைப் பார்த்துப் பிள்ளையும் பயப்படும். ஆகவே வகுப்புத் தொடங்குமுன் ஒரு நாள் சும்மா போய்ப் பார்வையாளர் பகுதியில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். எது எங்கிருந்து வரும் சத்தம் என்று தெரிந்துவிட்டால் அடுத்தமுறை இலகுவாகும். தாங்கமுடியாமல் இருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளையை அழைத்துப்போக உறவினர் ஒருவரை ஒழுங்குசெய்வதிலும் தவறில்லை.

பயிற்றுநர்களைப் பிள்ளைகள் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். சேர், ரீச்சர் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் பெயரைச் சொல்வார்கள். அது மரியாதைக் குறைவல்ல. மாறாக, கேள்வி கேட்காமல் அமைதியாக நிற்கும் நம் பிள்ளையின் பழக்கம்தான் அங்கே தவறாக விளங்கப்படும். கால் வலித்தாலும் சொல்லாமல் நிற்கும். "ஹெல்ப் மீ ப்ளீஸ்", "மை ஃபூட் ஹேர்ட்ஸ்", "ஐ நீட் த வாஷ்ரூம்" என்ற மூன்று வசனங்களையும் பாடமாக்கி அனுப்புங்கள். நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று "நிமிர்ந்து நில், காலை அகட்டு" என்று கத்தவேண்டாம். இரண்டு மொழியில் இரண்டு கட்டளை வந்தால் பிள்ளை நிச்சயம் விழும்.

பாதுகாப்புக்காக இருவர் விதி என்று ஒன்று கனடாவின் விளையாட்டுப் பயிற்சியில் இருக்கிறது. பயிற்றுநர் ஒருவர் ஒரு பிள்ளையுடன் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தனித்திருக்கக்கூடாது. உடைமாற்றும் அறையிலோ வாகனத்திலோ அப்படி நடந்தால், நீங்கள் புதியவர் என்பதற்காகப் பேசாமல் இருக்கவேண்டாம். கழகத்திடம் சொல்லுங்கள். வகுப்பைப் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்க்க முடியுமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த குளம்

பிள்ளைக்கு ஸ்கேற்றிங் பிடித்துவிட்டால் இந்தப் பகுதி மிக அவசியம். வன்னிப் பிள்ளைகள் குளத்தோடு வளர்ந்தவர்கள். குளக்கட்டு அவர்களுக்கு விளையாட்டிடம். கனடாவில் புதிய குடியிருப்புகளுக்கு நடுவே மழைவெள்ளம் தேங்கும் குளங்கள் நிறைய உண்டு. மார்க்கத்திலும் பிரம்டனிலும் வீட்டு வேலிக்குப் பின்னாலேயே இருக்கும். குளிர்காலத்தில் அவை வெள்ளையாக, உறுதியாகத் தெரியும். நம்பவேண்டாம். வீதியில் போடும் உப்பு அதில் வந்து கலக்கிறது. அடியில் நீர் ஏறி இறங்குகிறது. ஒரு இடத்தில் தடித்திருக்கும் ஐஸ் இரண்டு அடி தள்ளி மெல்லியதாக இருக்கும். தனியே ஒருவர் நடக்கவோ சறுக்கவோ குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பும், பலர் சேர்ந்து சறுக்க 20 சென்ரிமீற்றரும் வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அதைப் பிள்ளையால் பார்த்து அளக்கமுடியாது, உங்களாலும் முடியாது.

மிதிவெடி அபாயக் கல்வியில் நம் பிள்ளைகள் படித்ததை இங்கே நினைவூட்டலாம்: சிவப்புப் பலகை இருந்தால் போகக்கூடாது, பலகை இல்லை என்பதால் பாதுகாப்பான இடம் என்றும் ஆகாது. உறைந்த குளத்துக்கும் அதே விதிதான். நகரசபை "திறந்திருக்கிறது" என்று அறிவித்த தளத்தில் மட்டும் சறுக்கவேண்டும். அதற்குக் குறைவில்லை. ரொறன்ரோவில் நகரசபையின் வெளித்தளங்கள் பொதுவாக நவம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை திறந்திருக்கும், கட்டணமில்லை. ஸ்காபரோ நகர மையத்துக்குப் பக்கத்தில் அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்திலும் ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு கிழமை பழகியதைப் பிள்ளை அங்கே இலவசமாகத் திரும்பச் செய்து பார்க்கலாம். காசில்லாத குடும்பத்துக்கு வகுப்பை விட இதுவே கூடுதலாக உதவும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மேலே போக விரும்பினால்

ஆரம்ப வகுப்பை முடித்த பிள்ளையைப் பார்த்து, "நல்ல திறமை இருக்கிறது, ஸ்ரார்ஸ்கேற் வகுப்புக்கு வரலாம்" என்று பயிற்றுநர் சொல்லக்கூடும். மகிழுங்கள், ஆனால் உடனே சம்மதம் சொல்லவேண்டாம். அங்கிருந்து செலவு வேறு விதமாகும். வாரத்தில் பல நாள் ஐஸ் நேரம், தனிப்பயிற்றுநருக்கு நேரக் கணக்கில் கட்டணம், பரீட்சைக் கட்டணம், விலை கூடிய சப்பாத்து, போட்டி உடை, அதிகாலைப் பயணம் எல்லாம் சேரும். ஒரு முழு ஆண்டுக்கு எல்லாமாக எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டில் இருந்து கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். ஊரில் உள்ளவர்களுக்கு அனுப்பவேண்டிய காசையும் அந்தக் கணக்கில் சேருங்கள். முடியாது என்றால் பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். ஆரம்ப வகுப்பிலேயே இன்னொரு வருடம் நிற்கவும், வெளித்தளத்தில் சறுக்கவும், பதின்ம வயதில் சிறுவர்களுக்கு உதவும் தொண்டராகக் கழகத்தில் சேரவும் வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலையை முடிக்க 40 மணித்தியாலச் சமூக சேவை தேவை. எந்தத் தொண்டு அதற்குக் கணக்கில் வரும் என்பதைப் பாடசாலையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் எந்தக் கழகம் இருக்கிறது, எந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிய, ஒன்ராறியோவில் தொலைபேசியில் 211ஐ அழுத்துங்கள். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுப்பார்கள். அழைக்குமுன் பிள்ளையின் வயது, உங்கள் தபால் குறியீடு, கிழமையில் எந்த நாட்களில் உங்களால் அழைத்துப்போக முடியும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.